நாற்பத்து மூன்றாம் நாள்

பாகீரதி அந்தக் காகிதத்தை விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் எழுதினாள். எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதைப் பழசாக்கத்தான் சாயங்காலம் வரை பிடித்தது. நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். விரல் நுனியில் துளி மஞ்சள் தொட்டு ஓரத்தில் தடவினாள். அரிசி டப்பாவுக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்தாள். விளக்கேற்றும் வேளையில் எடுத்துப் பார்த்தபோது அது மூன்று வருஷத்துக் காகிதம் போலவே இருந்தது. அன்று அவள் விளக்கின் முன் உட்காரவில்லை. திரியைப் போட்டு ஏற்றிவிட்டு உடனே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அதில் இருந்தது எல்லாம் உண்மை. "முதல் நாள், ஆகஸ்ட் 12, வியாழன். பத்தாம் நாள், ஆகஸ்ட் 21, சனி. பதின்மூன்றாம் நாள், ஆகஸ்ட் 24, செவ்வாய்." அதற்குக் கீழே எள், தர்ப்பை, பச்சரிசி, வாழையிலை என்று சாமான்களின் பட்டியல். அவளுடைய கணவர் வெங்கடேஸ்வர சாஸ்திரிகள் ஒரு வீட்டில் மரணம் என்று கூப்பிட்டால் முதலில் செய்கிற வேலை இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதுதான். கோவிட் வருஷத்தில் மஹேஷ் என்பவரின் தகப்பனார் இறந்தபோதும் இதே தேதிகளைத்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்ததும் அந்தச் சீட்டை யாரும் வீட்டில் வைத்திருப்பதில்லை, கிழித்துப் போட்டுவிடுவார்கள். மஹேஷும் போட்டிருப்பார். அவர் கழக்கூட்டத்து ஐ.டி. வேலையை விட்டுக் கனடா போய் இரண்டு வருஷமாகிறது. வக்கீல் அனுப்பிய இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை. தகப்பனாரின் மரணத்தை எங்கே பதிந்தார்கள் என்பதும் தெரியவில்லை.

தேதிகள் பொய்யில்லை. எழுதிய நாள்தான் பொய். எழுதிய கையும் வேறு.

சாஸ்திரிகளுக்கு ஜூலை பத்தாம் தேதி, சனிக்கிழமை, கோவிட் ஊசி போட்டார்கள். பாகீரதிக்கும் அதே நாளில், அதே வரிசையில். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரியாக ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கரமனை ஆற்றங்கரையில் மஹேஷுக்குப் பத்தாம் நாள் காரியம் செய்துவைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தபோது சாஸ்திரிகளின் கால்கள் எழவில்லை. நெடுநேரம் சம்மணமிட்டதால் மரத்துப்போயிற்று என்று நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பே தன் நரம்புகளைத் தாக்குகிற வியாதி, லட்சத்தில் ஒருவருக்கு இப்படி வருவதுண்டு என்றார்கள். சேர்க்கையின்போது கேஸ் ஷீட் எழுதிய டாக்டர், "ஊசி போட்டு எத்தனையாம் நாள் கால் விழுந்தது?" என்று கேட்டார். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த சாஸ்திரிகள் சொன்னார்:

"நாற்பத்து மூணாம் நாள்."

முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் எண்ணியிருக்கிறார். ஒருவர் இறந்த நாளே முதல் நாள். குழந்தை பிறந்த நாளே முதல் நாள். அதனால் ஊசி போட்ட நாளும் முதல் நாள்தான். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தடுப்பூசிக்குப் பிறகு வந்த பாதிப்புகளைப் பரிசீலித்த குழுவின் விதி வேறு. ஊசிக்கு மறுநாளிலிருந்து எண்ணி நாற்பத்திரண்டு நாளுக்குள் தொடங்கியிருந்தால்தான் ஊசியோடு தொடர்பு. குழு கேஸ் ஷீட்டைப் பார்த்தது. நாற்பத்து மூன்று. ஒரே வரியில் மனுவைத் தள்ளிவிட்டது.

நஷ்டஈடு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். குழு இன்னொரு தடவை நேரில் கேட்டு முடிவு சொல்லட்டும் என்றது நீதிமன்றம். குழு தொடர்பு உண்டு என்று எழுதினால் சாஸ்திரிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய மருந்து அரசு ஆஸ்பத்திரியில் உடனே கிடைக்கும். தொகையை நீதிமன்றம் பிறகு தீர்மானிக்கும். இல்லை என்று எழுதினால் வழக்கு அத்தோடு முடிந்தது. போன தடவை மருந்து ஏற்ற வழியில்லை. இந்த மாதம் அவருடைய விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தன. நேற்றுக் காலை ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. அடுத்தது மூச்சுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா. அவ்வளவுதான் கேள்வி. அதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

"அந்த மாசத்துல எழுதின எந்தெங்கிலும் ஒரு துண்டு உண்டோ மாமி? சாஸ்திரிகள் எழுதிக் கொடுக்கற லிஸ்ட் போலே?" என்று மலையாளியான வக்கீல் சுஜித் ஒரு வாரமாகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை, விசாரணைக்குக் கிளம்புகிற நேரத்தில், பாகீரதி அவரிடம் சொன்னாள்: "ஒண்ணு கெடைச்சிருக்கு."

சாஸ்திரிகளிடம் அவள் சொல்லவில்லை.

*

அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. விசாரணை மூன்றாவது மாடியில், பதினோரு மணிக்கு. மணி பத்து ஐம்பது. சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாகீரதி மாடிப்படியின் கீழே நின்றாள். சுஜித் மேலே ஓடிப்போய் நேரம் கேட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அவா காத்திருக்கமாட்டா. இன்னைக்குப் பதினாறு கேஸ். நம்மளை விளிச்சு நாம இல்லைன்னா எழுதி மூடிடுவா."

"நான் நடந்துடுவேன்," என்றார் சாஸ்திரிகள்.

"ஆமா, நடப்பேள். போன ஜன்மத்துல," என்றாள் பாகீரதி.

ஏதோ சான்றிதழுக்காக வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் வரிசையை விட்டு வந்தார்கள். வாசல் காவலர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிறுத்தியபோது சாஸ்திரிகள், "எனக்காக உங்க வரிசை போச்சே," என்றார். "அது அங்கதன்னே நிக்கும் ஸ்வாமி," என்றார் ஒருவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

பாகீரதி பின்னால் ஏறினாள். தோள்பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இவர்கள் இப்படி வியர்க்க வியர்க்கத் தூக்குவது எதை நோக்கி என்று அவளுக்குத் தெரியும். 

*

நீள மேஜைக்குப் பின்னால் இரண்டு டாக்டர்கள். தலைவர் ராஜையன் அறுபதை நெருங்கியவர், எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் அவர் வாயில் தனித்தனியாக வராது. பக்கத்தில் நரம்பியல் டாக்டர் திவ்யலட்சுமி, பூர்வீகம் நாகர்கோவில்பக்கம். ஓரத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு எழுத்தர்.

"வரணும் சாஸ்திரிகளே. வெள்ளம் குடிக்கியளா?" என்றார் ராஜையன்.

"வேண்டாம். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் சாஸ்திரிகள். "நான் ஊசியைக் குத்தம் சொல்ல வரலை. தெருவுல போட்டுக்க பயந்தவாளைக்கூட நான்தான் போட்டுக்கச் சொன்னேன். இப்பவும் சொல்வேன். எனக்கு வந்தது என் உடம்புக்கு வந்தது. அது எதனால வந்ததோ, அதை நீங்க உள்ளபடி எழுதணும். அவ்வளவுதான்."

"உள்ளபடிதான் எழுதினோம்," என்றார் திவ்யலட்சுமி. குரலில் கடுமை இல்லை, இளக்கமும் இல்லை. கேஸ் ஷீட்டைத் திருப்பி வைத்தார். "நாற்பத்து மூன்றாம் நாள். நீங்க சொல்லி, அங்க எழுதினது. சரிதானே?"

"சரி."

"அப்போ என்ன பிரச்சினை?"

சுஜித் எழுந்தார். இறந்த நாளை முதல் நாளாக எண்ணும் வழக்கம், அதனால் நாற்பத்து மூன்று என்றால் விதிப்படி நாற்பத்திரண்டு, அதாவது ஆகஸ்ட் 21, சனிக்கிழமை என்று விளக்கினார். திவ்யலட்சுமி முழுவதையும் கேட்டார்.

"வழக்கம் எனக்கும் தெரியும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் எண்ணுவா," என்றார். "ஆனா மனு தள்ளினதுக்கு அப்புறம்தான் இந்த வழக்கம் வருது. ஆஸ்பத்திரியில கேட்ட கேள்வி என்ன? ஊசி போட்டு எத்தனை நாள்? ஒரு நாளுக்காக நான் இங்க விட்டுக்கொடுத்தா நாளைக்கு நாற்பத்தஞ்சு வரும், அடுத்த நாள் அம்பது வரும். அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்? உங்களைப் பிடிச்சிருந்துது, அதனால விட்டுக்கொடுத்தேன்னா?"

"வேண்டாம். அப்படிச் சொல்லக்கூடாது," என்றார் சாஸ்திரிகள், டாக்டருக்காகவே வாதாடுகிறவர்போல.

 இவர் இப்படித்தான். தன் வழக்கிலேயே எதிர்க்கட்சி.

"சார், ரேகை உண்டு," என்றார் சுஜித். ஆவணம் என்பதற்கு அவர் வாயில் வரும் சொல் அதுதான். "அந்த மாசம் சாஸ்திரிகள் எழுதின லிஸ்ட். பத்தாம் நாள் எந்தத் தேதின்னு அதுல உண்டு. கேஸ் ஷீட்டுலயே பத்தாம் நாள் காரியம் முடிச்சு எழும்பறப்போ விழுந்தார்னு இருக்கு. ரெண்டும் சேர்ந்தால் தேதி தெளிஞ்சாச்சு. மாமி, கொடுக்கணும்."

ராஜையன் கையை நீட்டினார். எழுத்தர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

பாகீரதி பையைத் திறந்தாள். காகிதம் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தாள். ராஜையன் பிரித்துப் பார்த்தார். திவ்யலட்சுமியிடம் கொடுத்தார். எழுத்தர் அதற்கு ஒரு எண் போட்டு ஃபைலில் குறித்துக்கொண்டார்.

"இது போதுமே," என்றார் திவ்யலட்சுமி மெதுவாக. முதல் தடவையாக அவர் முகம் தளர்ந்தது. "இதை ஏன் முன்னாடியே கொடுக்கலை?" பிறகு ஒரு நடைமுறைக்காகக் காகிதத்தைச் சாஸ்திரிகள் முன் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே? ஆமான்னு சொல்லுங்க, எழுதிக்கறோம்."

சாஸ்திரிகள் குனிந்து பார்த்தார்.

அவர் விரல்கள் எழுத மறுத்த இந்த மூன்று வருஷத்தில், யாராவது நாள் கேட்டு வந்தால் அவர் சொல்லச் சொல்லப் பாகீரதிதான் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி, அதே சாய்வு, அதே சுழி. தெருவில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கவில்லை. மடங்கிய விரல்களின் பின்பக்கத்தால் அந்த மஞ்சள் ஓரத்தை ஒரு தடவை தொட்டார்.

 சுஜித், "சாஸ்திரிகளே?" என்றார்.

பாகீரதி கணவரின் பிடரியைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த மனிதர் வாயில் ஒரு பொய் வந்து அவள் கேட்டதில்லை. இப்போது ஆம் என்றால் அது அவளுக்காகச் சொன்ன பொய். இல்லை என்றால் நாலு பேர் முன்னால் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுத்ததாகும். இரண்டில் ஒன்றை எடு என்று அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். அவர் உதடு அசைவதைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அது நான் எழுதினது," என்றாள். "நேத்து."

ராஜையன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"தேதியெல்லாம் நெஜம். அவர் அன்னிக்கு எழுதினதும் இதேதான். ஆனா அந்தச் சீட்டு இல்லை. இது நான் உக்காந்து எழுதினது. மஞ்சளும் நான் தடவினது. அவருக்குத் தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது. பகவான் சத்தியமா அவாளுக்குத் தெரியாது."

சுஜித் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திவ்யலட்சுமி பேனாவை மூடினார். 

"அப்போ இனிமே கேக்க ஒண்ணும் இல்லை," என்றார் அவர். கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. "இப்போ நீங்க எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புவேன்? சொல்லுங்க."

 பாகீரதிக்குக் கண்ணீர் வரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜையன் மட்டும் ஃபைலை மூடவில்லை. எழுத்தரிடம், "எழுதிக்கோ. அந்தத் தாளை மனுதாரரோட பாரியை தானே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. யாரும் கேக்காம, தானே. அந்த வார்த்தை வேணும்," என்றார். பிறகு ப்யூனைக் கூப்பிட்டு நாலு சாயா சொன்னார்.

"சார், வெளியில பதினஞ்சு பேர் காத்திருக்காங்க," என்றார் திவ்யலட்சுமி.

"சாயா குடிக்க அஞ்சு நிமிஷம்தான் டாக்டரே. அவங்க கையைப் பாருங்க. இப்போ இறக்கிவிட்டா படியில விழுந்துடுவாங்க." பாகீரதியைப் பார்த்து, "இரிக்கணும் அம்மா," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். சாயா வந்தது. சாஸ்திரிகளின் தம்ளரை அவள் பழக்கத்தில் எடுத்து ஊதி, அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் குடிக்கவில்லை, அவளையே பார்த்தார். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சூடு ஆறிடும். முதல்ல நீ குடி," என்றார் சாஸ்திரிகள். பிறகு தணிந்த குரலில், "உன் சுழி என்னோடதைவிட நன்னா வந்திருக்கு," என்றார்.

அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ராஜையன் அதைப் பார்க்காதவர்போல் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு டாக்டரின் சந்தேகம் பாக்கி இருந்தது. "அன்னைக்கு ஒரு காலா, ரெண்டு காலுமா? இதுல எழுதலை. ஆத்தங்கரையிலிருந்து வீட்டுக்கு நடந்தா போனிய?"

"ரெண்டும்," என்றார் சாஸ்திரிகள். "நிக்கவே முடியலை."

"பின்னே எப்படிப் போனிய? ஆட்டோவா?"

சாஸ்திரிகள் மனைவியைப் பார்த்தார். பாகீரதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். இதை அவர்கள் வெளியில் சொன்னதே இல்லை.

"ஆட்டோ கெடைக்கலை. மஹேஷ் ஓடிப்போய்ப் பார்த்தார், ரோட்டுல ஒரு வண்டி இல்லை. அங்கே ஆத்தோரத்துல ஒரு வீடு. சுபின்ங்கற ஒரு பிள்ளை. ஆட்டோ ஓட்டறவன்தான், ஆனா அன்னிக்கு வண்டி எடுக்கலை. சாப்பிட்டுண்டிருந்தான். விளிச்சதும் எலையை விட்டு எழுந்து வந்துட்டான். கையைக்கூடக் கழுவலை. அப்படியே இவரைக் குழந்தை மாதிரித் தூக்கி வண்டியில உக்காத்தி வெச்சு, எங்காத்து வாசல்ல வந்து மறுபடியும் தூக்கிண்டு உள்ளே வந்தான். இவர் மடி ஆசாரத்துல இருக்கார், யாரும் தொடக்கூடாது. காரியம் பண்ணிவெச்ச ஈரத்துணி. அவன் கை முழுக்கப் பருப்பும் நெய்யும் சோறும். கை எச்சில், க்ஷமிக்கணும் அம்மேன்னு சொல்றான். நான் வாயைத் திறக்கலை. தெருவுல தெரிஞ்சா ஏதாவது சொல்லுவா, அந்தப் பிள்ளை மனசு நோகும். அதனால நாங்க ஒருத்தர்கிட்டேயும் சொல்லலை."

"நான் அன்னிக்குக் குளிக்கவும் இல்லை," என்றார் சாஸ்திரிகள். "முடியாததுனால இல்லை. வேண்டாம்னு தோணித்து."

ராஜையன் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆட்டோக்காரன் பகல்ல வண்டி எடுக்காம வீட்டுல எலை போட்டுச் சாப்பிடுகான். ரோட்டுல ஒரு வண்டி இல்லை. அன்னைக்கு என்ன அம்மா?"

"ஓணம்," என்றாள் பாகீரதி. "திருவோணம் ஆக்கும் அன்னிக்கு. அதனாலதானே ஒரு டாக்டரும் இல்லை, கிளினிக் எல்லாம் அடைச்சுக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இழுத்துண்டு போச்சு."

சுஜித் தலையைத் தூக்கினார். அவர் கை தானாகவே போனுக்குப் போயிற்று. திவ்யலட்சுமி அவரைத் தடுத்தார். "நீங்க பார்க்க வேண்டாம்." எழுத்தரிடம் திரும்பினார். "அந்த வருஷம் திருவோணம் என்னைக்கு?"

எழுத்தர் தேடினார். அந்த அரை நிமிஷம் பாகீரதிக்குப் புரியவில்லை. எல்லோரும் ஏன் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அவளுக்கு அது அவர் விழுந்த நாள்; ஒரு பிள்ளை எலையை விட்டு எழுந்து வந்த நாள். இங்கிலீஷ் தேதியோடு அதைச் சேர்த்து அவள் நினைத்ததே இல்லை. ஓணம் வருஷா வருஷம் தேதி மாறுகிறது; யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

"ஆகஸ்ட் இருபத்தொண்ணு," என்றார் எழுத்தர். "சனி."

"இதை ஏன் மாமி என்னோடு பறையலை?" என்றார் சுஜித். 

"நீங்க பேப்பர்னா கேட்டேள். இது அவன் பண்ணின உபகாரம். இதைப் போய் சாட்சின்னு எப்படிச் சொல்றது?"

திவ்யலட்சுமி பேனாவை மறுபடி எடுத்தார். "இப்பவும் இது நீங்க சொல்றதுதான்," என்றார் பிறகு. "கொஞ்ச நேரம் முன்னாடி அந்தத் தாளைக் கொடுத்ததும் நீங்கதான். அந்தப் பையன் நம்பர் இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு ஓணத்துக்கும் சுபின் கூப்பிடுவான். ஸ்வாமி எப்படியிருக்கார் என்று கேட்பான். திவ்யலட்சுமி தன் போனிலிருந்தே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். பாகீரதியைப் பார்த்து, வாய் திறக்கக்கூடாது என்று விரலால் காட்டினார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாம் தடவை தெரு இரைச்சலோடு ஒரு குரல் வந்தது.

"ஹலோ, ஆரா?"

"சுபின்தானே? ஒரு ஆபீஸ்லிருந்து பேசறேன். கரமனையில வெங்கடேஸ்வர சாஸ்திரிகளைத் தெரியுமா?"

"ஸ்வாமிக்கு என்ன ஆச்சு?" குரல் உடனே மாறியது. "ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி? நான் தம்பானூர்ல உண்டு, இப்பவே வராம்."

"ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கார். ஒரு விஷயம் கேக்கணும். அவரை நீங்க எப்பவாவது ஆத்தங்கரையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"போயி."

"எப்போ? தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "மறக்கான் பற்றுமோ மேடம்? திருவோணத்தின் அன்னு. கோவிட் சமயம். எலையில பாயசம் ஊத்தின நேரத்துல எழுந்து போனேன். திரிச்சு வந்தப்போ எலையைக் காணலை, பசுவுக்குப் போட்டுட்டா. ஓணத்தன்னு எலையை விட்டு எழுந்தவன்னு பொண்டாட்டி இன்னும் வருஷா வருஷம் எனக்குத் தனியா ஒரு பாயசம் வெச்சுக் கொடுத்து மானம் கெடுக்கா." பிறகு தயங்கினான். "ஏன் மேடம்? அன்னைக்குக் கை கழுவாம தொட்டதுக்கு யாரெங்கிலும் பராதி கொடுத்தோ?"

சாஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரும் புகார் கொடுக்கலை," என்றார் திவ்யலட்சுமி.  "இங்க வந்து இதை எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? ஒரு மணிக்குள்ள."

"சவாரி இருக்கு... இல்லை, வேண்டா. ஆளை வேற வண்டியில ஏத்திவிட்டு வராம். எங்கே வரணும்?"

*

ஒரு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுபின் காக்கிச் சட்டையோடு மூன்று மாடி ஏறி வந்து நின்றான். இடையில் வேறு இரண்டு மனுக்கள் நடந்தன. பாகீரதி வெளி பெஞ்சில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சவாரியை விட முடியாமல் போனால், வழியில் மாட்டிக்கொண்டால், மனசு மாறினால் என்று ஒவ்வொன்றாக நினைத்தாள். மனசு மாறுவான் என்று நினைத்ததற்குத் தன்னையே கடிந்துகொண்டாள்.

அவன் மலையாளத்தில் எட்டு வரி எழுதினான். திவ்யலட்சுமி தனியாக வைத்து இன்னும் நாலு கேள்வி கேட்டார். வீடு எது, கூப்பிட வந்தது யார், ஸ்வாமி என்ன உடுத்தியிருந்தார், எந்தக் கால் தொங்கியது. பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

ராஜையன் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டினார். "மனுதாரருக்கு நோயின் முதல் அறிகுறி, ஊசி போட்ட நாற்பத்திரண்டாம் நாள்..."

"நாற்பத்து மூணு," என்றார் சாஸ்திரிகள்.

சுஜித் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பாகீரதி கணவரின் தோளை அழுத்தினாள். "ஏன்னா, கொஞ்சம் சும்மா இருக்கேளா?"

"இல்லை பாகீ, கேஸ் ஷீட்டுல நான் சொன்னது ஒண்ணு, இதுல ஒண்ணுன்னு ஆயிடும். ஊசி போட்ட அன்னிக்கு நான் உசிரோடதானே இருந்தேன். அந்த நாளைக் கொண்டுபோய் எங்கே தள்றது?"

ராஜையன் திவ்யலட்சுமியைப் பார்த்தார். அவர் எழுத்தரிடம் சொன்னார்: "இப்படி அடிங்க. மனுதாரர் ஊசி போட்ட நாளையும் சேர்த்து எண்ணி நாற்பத்து மூன்று என்கிறார். அதை விட்டு எண்ணினால் நாற்பத்திரண்டு. இரண்டும் ஒரே நாள். ஆகஸ்ட் 21, திருவோணம். காலவரம்புக்குள் வருகிறது. ஊசியோடு தொடர்பு இருக்கிறது என்று குழு கருதுகிறது." சாஸ்திரிகளிடம் திரும்பினார். "இப்போ சரியா?"

"இப்போ சரி."

இரண்டு டாக்டர்களும் கையெழுத்திட்டார்கள். அச்சு எந்திரத்திலிருந்து சூடாக வந்த பிரதியைப் பாகீரதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். படிக்க முயன்றாள். எழுத்துகள் நீரில் மிதந்தன.

"மருந்து?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னைக்கே வார்டுக்கு எழுதிடறேன்," என்றார் திவ்யலட்சுமி. "வரவழைக்கணும். திங்கட்கிழமை காலையில வந்துடுங்க. சாப்பிட்டுட்டே வரலாம். முதல் பாட்டில் அன்னைக்கே ஏத்திடலாம்."

"திங்கக்கிழமை," என்றார் சாஸ்திரிகள். "அப்போ அஞ்சாம் நாள்."

திவ்யலட்சுமி பழக்கத்தில் விரல் விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலுதான் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கையை விரித்து, இன்றைய வியாழக்கிழமைக்கு முதல் விரலை மடக்கி மறுபடி எண்ணத் தொடங்கினார்.